ஹீப்ரு தெரிந்த ஆள்

ஹீப்ரு மேடத்துக்கு ஹீப்ரு தெரியாது. ஒரு எழுத்தை எப்படி உச்சரிப்பார்கள் என்றுகூடத் தெரியாது. எட்டு வருஷமாக அந்த மொழியில் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளியிருக்கிறாள். அதில் எது தலைவலிக்கு, எது வயிற்றுப்போக்குக்கு என்று கேட்டால் அட்டைப்பெட்டியின் படத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். இருந்தாலும் வாசல் வாட்ச்மேன் முதல் மாடியில் இருக்கிற மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் ஹீப்ரு மேடம்தான். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதை அவளே மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பாள்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைப்பார்களே, பொடி எழுத்தில், ஒருமுறை பிரித்துவிட்டால் மறுபடி மடிக்க வராதே, அந்தத் தாளை அச்சடிக்கிற நிறுவனம் அது. அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் அது இல்லாமல் ஒரு பெட்டிகூடக் கப்பல் ஏறாது. அச்சுக்குப் போகுமுன் பக்கம் கட்டுகிற அறையில் எட்டுக் கணினிகள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கிடங்கின் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அதனால் யாரும் திறப்பதில்லை. மூலையில் கடைசிக் கணினி அவளுடையது. அதன் திரை விளிம்பில் சிவப்பு மையில் ஒரு சீட்டு: ‘ஹீப்ரு கணினி. யாரும் தொட வேண்டாம்.’ எழுதியவள் அவளேதான். எழுத்து அழியாமலிருக்க மேலே செலோடேப் ஒட்டியவளும் அவளேதான்.

எல்லாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை. அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கைக்குழந்தை வீட்டில். ஒருநாள் மேனேஜர் அறைக்குள் வந்து, “ஹீப்ருவுல யாராவது அடிப்பீங்களா? புது பார்ட்டி வந்திருக்கு” என்று கேட்டார். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரைக்குள் புகுந்துகொண்டது. பழைய ஆட்கள், அனுபவஸ்தர்கள், கேள்வியின் வாசனையிலேயே ஆபத்து தெரிந்துவிட்டது. இவள் மட்டும் எழுந்து நின்று, “நான் பார்க்கறேன் சார்” என்றாள்.

பார்த்தாள். பார்க்க இருபது நிமிஷம் ஆனது, அதில் டீ குடித்தது ஐந்து நிமிஷம். கணினியின் அமைப்புகளுக்குள் போய் மொழி என்ற இடத்தைத் திறந்து, ‘சேர்’ என்று சொல்லி, நீண்ட பட்டியலில் ஹீப்ருவைத் தேடி, அதன் விசைப்பலகையையும் தேர்ந்தெடுத்தால் திரையின் கீழ் மூலையில் புதிதாக ஓர் அடையாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடது பக்கத்து ஆல்ட்டையும் ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் ஹீப்ரு. இன்னொரு தரம் அழுத்தினால் பழையபடி ஆங்கிலம். அவ்வளவுதான் சமாசாரம்.

ஆனால் ‘அவ்வளவுதான்’ என்று போய்ச் சொன்னால் யார் நிரந்தரம் செய்வார்கள்? மூன்று நாள் ஆயிற்று என்று சொன்னாள். அந்த மூன்று நாளும் சும்மா இருக்கவில்லை, பாவம். எந்த விசையில் எந்த எழுத்து என்று படம் எடுத்து, கண்ணாடி ஸ்டிக்கர் வாங்கி, ஒவ்வொரு விசையின் ஓரத்திலும் சிவப்பு எழுத்தை வெட்டி ஒட்டினாள். வரி வலப்பக்கத்திலிருந்து புறப்படும். நடுவில் ஓர் எண் வந்தால் அது மட்டும் எதிர்த்திசையில் போகும். ஐந்து எழுத்துகள் சொல்லின் கடைசியில் வந்தால் வேறு உருவம் எடுக்கும். அதற்குத் தனி விசை. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நூலளவுதான் வித்தியாசம். கஷ்டம் இல்லாமல் இல்லை. வாடிக்கையாளர் திருத்தங்களைப் படமாக அனுப்புவார்கள்; படத்தில் உள்ள எழுத்தின் உருவத்தைப் பார்த்து அதே உருவமுள்ள விசையைத் தட்ட வேண்டும். பொறுமை இருக்கிற யாரும் செய்யலாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவே இல்லை.

நிரந்தரமும் ஆனாள். அன்றே மேனேஜர் சொன்னார்: “ஒரு சின்ன விஷயம்மா. அந்த பார்ட்டியோட ஊர்ல வெள்ளி, சனி லீவு. ஞாயித்துக்கிழமைதான் வாரம் ஆரம்பிக்குது, திருத்தமெல்லாம் அன்னைக்குத்தான் வரும். நீங்க ஞாயிறு வந்துட்டு வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்குங்க. ஒரு ரெண்டு மாசம்தான். அப்புறம் பார்த்துக்கலாம்.”

அவர் பார்த்துக்கலாம் என்று சொன்ன எதையும் யாரும் பார்த்ததில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

முதல் ஆறு வருஷம் பெரிதாக வலிக்கவில்லை. சொல்லப்போனால் பெருமையாகவே இருந்தது. கணினியைத் திறந்ததுமே ஹீப்ரு வரும்படி வைத்திருந்தாள். வேறு யாராவது கடவுச்சொல்லை அடித்தால் அது ஹீப்ருவில் விழுந்து, ‘தவறு’ என்று திருப்பி அனுப்பிவிடும். “என் சிஸ்டம் என்னைத் தவிர யாரையும் உள்ளே விடாது” என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் விடுப்பில் இருக்கிற நாளில் போன் வரும். ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்கும்படி கடவுச்சொல்லைச் சொல்வாள், மகள் பெயரும் பிறந்த தேதியும். சொல்லியும் எவராலும் நுழைய முடியாது. கடைசியில் ஆட்டோ பிடித்து அவளே வருவாள். ராணி மாதிரி உள்ளே நுழைந்து, இரண்டு விசையை அழுத்தி, கடவுச்சொல்லைப் போட்டுத் திறப்பாள். எல்லாரும் ஆவென்று பார்ப்பார்கள்.

பிறகு அவள் கணவனை அவன் கம்பெனி ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேறு ஊருக்கு மாற்றியது. அங்கே அவனுடைய அக்கா இருந்தாள், நல்ல பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்தது. மகளை அப்பாவோடு அனுப்பினாள். வீட்டில் அந்தப் பெண்ணை சின்னது என்றுதான் கூப்பிடுவார்கள், ஏழு வயது அப்போது. “ஆறு மாசத்துல அம்மா வந்துடுவேன்” என்றாள். இரண்டு சம்பளம் இல்லாமல் அந்த ஊரில் குடித்தனம் நடத்த முடியாது, எனவே வேலையை விட வழியில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இவள் பெண்கள் விடுதியில் மூன்று கட்டில் போட்ட அறையில் ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வியாழன் ராத்திரி பஸ் ஏறினால் வெள்ளிக் காலை போய்ச் சேரலாம். எட்டு மணிக்குச் சின்னது பள்ளிக்கூடம் போய்விடும். நாலு மணிக்கு வரும். எட்டு மணிக்கு இவள் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், சனிக்கிழமை வேலை. நடுவில் ஒன்றரை மணி நேரம் டியூஷன். ஆக மாதத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டரை மணி நேரம் அவள் அம்மாவாக இருந்தாள். உலகத்தில் எல்லா அம்மாவும் குழந்தையின் தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊறவைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் இவள் ஜன்னல் திறக்காத அறையில் தனியாக உட்கார்ந்து மாத்திரையின் பக்கவிளைவுகளை வலமிருந்து இடமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உனக்கு மட்டும் ஏன் ஞாயித்துக்கிழமை இல்ல?” என்று சின்னது போனில் கேட்டது ஒருநாள். அதற்கப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டது. கேட்பதை நிறுத்தியதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இப்போதெல்லாம் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறது.

இந்த நேரத்தில்தான் கணவன் இருக்கிற ஊரில், அவள் நிறுவனத்தின் கிளையில் ஒரு நாற்காலி காலியானது. அங்கே அட்டைப்பெட்டி வேலை மட்டும்தான், ஞாயிறு விடுமுறை. கிளைப் பொறுப்பாளர் அம்மாள் நல்ல மாதிரி. “முப்பதாம் தேதி வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன். அதுக்குமேல இங்கேயே ஆள் எடுத்துடுவேன்” என்றார். இவள் மேனேஜரிடம் ஓடினாள்.

“நீங்க போயிட்டா ஹீப்ருவை யாரும்மா பண்றது?” என்றார் மேனேஜர்.

“அங்கேயிருந்தே பண்றேன் சார்.”

“வெளியூர்லேருந்து அந்த ஃபைலைத் தொடக் கூடாதுன்னு பார்ட்டி கையெழுத்தே வாங்கியிருக்கான். புது ஆள் எடுக்கவும் மேலிடம் விடாது. நம்ம ரூம்லயே ஒருத்தரைத் தயார் பண்ணுங்க. ஆளைக் காட்டுங்க, அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

இந்தப் பேச்சு நடந்தது இரண்டாம் தேதி. இருபத்தெட்டு நாள் இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தாள்.

முதலில் பெட்டி வடிவமைக்கிற தங்கச்சி வந்து உட்கார்ந்தாள். கெட்டிக்காரப் பெண். இரண்டாம் நாளே, “கண்ணுல தண்ணியா கொட்டுது மேடம்” என்று எழுந்துவிட்டாள். அடுத்து புரூஃப் பார்க்கிற அக்கா. ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆள். “எனக்கு இடது கை எது வலது கை எதுன்னே மறந்துபோற வயசும்மா” என்று அரை நாளில் கை கழுவினார். மூன்றாவது, மியூட் அண்ணன். எதிர் நாற்காலிக்காரர், நாற்பதைத் தாண்டியவர். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் அந்தப் பெயர். அவர் நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு நாளும் ஆல்ட்டும் ஷிப்ட்டும் எங்கே இருக்கிறது என்று தேடினார். நூல் வித்தியாச எழுத்துகள் இரண்டையும் காட்டி, “இது அதானே?” என்று இருபது தரம் கேட்டார். ஐந்தாம் நாள் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

“அவருக்கு மண்டையில ஏறவே இல்லைங்க” என்று கணவனிடம் போனில் அழுதாள். அழுகை நிஜம். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், எட்டு வருஷமாக நான் செய்கிறதை ஒருத்தராலும் செய்ய முடியவில்லை பார் என்று ஒரு சின்னக் குளிர்ச்சியும் இருந்தது. அதுவும் நிஜம். இதை மறைத்து அவளை நல்லவளாகக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை மதியம் கணவன் கூப்பிட்டான். சின்னதுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், ரத்தத்தில் ஏதோ எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்றான். அவள் எழுந்து நின்று, யாரிடம் என்றில்லாமல், “சின்னது ஆஸ்பத்திரியில” என்று மட்டும் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். படியில் எதிரே வந்த மேனேஜர், “ஐயோ, போங்க போங்க. ஆமா, நாளைக்கு வேலை வந்தா?” என்றார். அவள் காதில் விழாத மாதிரி இறங்கிப் போனாள்.

ஞாயிறு முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எப்போது அடிக்கும், அடித்தால் என்ன சொல்வது? பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அடிக்கவில்லை. ஒரு மணிக்குச் சின்னது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்தது.

“இன்னைக்கு என்ன கிழமை?”

“ஞாயித்துக்கிழமைடா தங்கம்.”

“அப்போ நீ எப்படி வந்தே?” என்று கேட்டது. பதிலுக்குக் காத்திராமல் மறுபடி தூங்கிப்போனது.

திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. அவள் அன்று இரவே பஸ் ஏறி, செவ்வாய்க்கிழமை காலை நேராக அலுவலகத்துக்கு வந்தாள். தேதி இருபத்தெட்டு.

மின்னஞ்சலைத் திறந்தாள். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வாடிக்கையாளரிடமிருந்து பதினோரு திருத்தங்கள் வந்திருந்தன. அன்றே மதியம் ஒன்று பத்துக்கு, திருத்திய பக்கம் அறையின் பொது முகவரியிலிருந்து போயிருந்தது. நன்றி சொல்லி அவர்கள் பதிலும் போட்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகப் படத்தோடு ஒப்பிட்டாள். ஒரு பிழை இல்லை. கடைசி உருவம் எடுக்கிற எழுத்துகள் ஐந்தும் சரி. நூல் வித்தியாச இரட்டையர்கள்கூட அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

பிறகு விசைப்பலகையைப் பார்த்தாள். இரண்டு மாதமாக ஓரம் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்த ஸ்டிக்கர் ஒன்றை யாரோ பொடித் துண்டு டேப் வைத்து ஒட்டியிருந்தார்கள்.

இறங்கிப்போய் வாட்ச்மேனைக் கேட்டாள். “ஞாயித்துக்கிழமையா? நம்ம மியூட் சார்தான் வந்தாரு” என்றார் அவர். “பத்தரைக்கு வந்தவரு ஒண்ணேகாலுக்கு வேர்த்து விறுவிறுத்து ஓடினாரு. என்னன்னு கேட்டேன். அவரு என்னைக்குப் பதில் சொல்லியிருக்காரு?”

நாலு நாள் ஆல்ட் விசையைத் தேடிய மனுஷன்! அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் புரூஃப் அக்காவிடம், ஆளைச் சொல்லாமல், மெதுவாகக் கேட்டாள். “அக்கா, உண்மையைச் சொல்லுங்க. ஹீப்ரு அடிக்கறது அவ்வளவு கஷ்டமாவா இருந்துச்சு?”

அக்கா டிபன் டப்பாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். “இதுல என்னடி கஷ்டம்? பொம்மையைப் பார்த்து பொம்மையைத் தட்டறது. அன்னைக்கே பத்து நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு. ஆனா கத்துக்கிட்டவ கதியைத்தான் எட்டு வருஷமா எதிர்ல பார்த்துக்கிட்டு இருக்கோமே. தெரியும்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமையே கிடையாது. தெரிஞ்சே போய் யாரு மாட்டிக்குவா?”

அவள் தன் டப்பாவை மூடிவைத்தாள். எட்டு வருஷமாக ஆவென்று பார்த்தவர்கள் அவள் திறமையைப் பார்க்கவில்லை, அவள் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அவமானத்தில் முகம் சுட்டது.

மியூட் அண்ணன் படிக்கட்டுத் திருப்பத்தில் டீயோடு நின்றிருந்தார்.

“நீங்கதானா அண்ணா?”

அவர் டீயைப் பார்த்தார். “ம்.”

“எதுக்கு?”

“சின்னது ஆஸ்பத்திரியிலன்னு சொன்னீங்க” என்றார். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பது போல நிறுத்தினார். பிறகு தானே தொடர்ந்தார். “உங்களுக்கு போன் போடுவாங்க. அதான் முந்திக்கிட்டேன்.”

“அப்பாவை யார் பார்த்துக்கிட்டாங்க?” அவருடைய அப்பா மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். பார்த்துக்கொள்கிற அம்மாள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள். அன்று முழுக்க அப்பாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் இவர்தான்.

“எதிர் வீட்டுல சொல்லிட்டு வந்தேன். ரெண்டு மணி நேரம்னு. கொஞ்சம் லேட்டாயிடுச்சு.” டீயை ஒரு வாய் குடித்தார். “அப்பா என்னைத் தேடி இறங்கப் பார்த்து, கட்டில்லேருந்து விழுந்துட்டாரு. பெருசா ஒண்ணும் இல்ல. தோள்ல வீக்கம்.”



“மேடம்,” என்றார் அவர், “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“சத்தியமா சொல்லமாட்டேன் அண்ணா” என்றாள். சொன்னபோது மனதாரத்தான் சொன்னாள்.

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அவளுடைய மாற்றல் விண்ணப்பம் இருந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“குழந்தை தேவலையா? நல்லது. அம்மா, அசத்திட்டீங்க! அந்த நிலைமையிலயும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்து, வேலையை முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கீங்க. பார்ட்டி பாராட்டி எழுதியிருக்கான். நான் அதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். இப்பேர்ப்பட்ட ஆளை விடவே கூடாதுன்னு அவங்களே சொல்றாங்க.” விண்ணப்பத்தை மெல்ல அவள் பக்கம் தள்ளினார். “இதை இப்போதைக்கு எடுத்து வச்சுக்குங்க. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

அவளைக் காப்பாற்ற ஒருத்தர் செய்த வேலை, அவள் காலிலேயே சங்கிலியாக விழுந்திருந்தது. அறை சின்னதாகிக்கொண்டே வந்தது. ‘அப்போ நீ எப்படி வந்தே?’ என்று சின்னது கேட்டது காதுக்குள் ஓயாமல் கேட்டது. அடுத்த வருஷம் அதற்குப் பத்து முடிந்துவிடும். கேள்வியே கேட்காத வயசு அது.

“நான் பண்ணல சார்” என்றாள்.

“என்னது?”

“ஞாயித்துக்கிழமை வேலை நான் பண்ணல. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்.”

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ யாரு?”

இந்த இடத்தில் அவளுக்கு நேரம் இருந்தது. இல்லை என்று பிறகு அவளே சொல்லிக்கொள்ளலாம், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிற அளவுக்கு நேரம் இருந்தது. தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். வாட்ச்மேனைக் கேட்டு அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கலாம். படிக்கட்டில் ஆறிய டீயோடு நின்ற மனுஷனின் முகம் அவள் கண்முன்னால் நன்றாகவே தெரிந்தது.

“மியூட் அண்ணன் சார். அவருக்கு நல்லாவே தெரியும். என்னைவிட சுத்தமா பண்ணியிருக்காரு.”

சொன்னதும் உடம்பு லேசானது. அப்படி லேசானதற்காகவே தன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: “ஆனா சார், ஞாயித்துக்கிழமை அவரால முடியாது. அப்பா படுக்கையில இருக்காரு, அன்னைக்குப் பார்த்துக்க ஆளே கிடையாது.”

“அதெல்லாம் பார்த்துக்கலாம்மா” என்றார் மேனேஜர். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்கு அவரே அறைக்கு வந்தார். “நம்ம ஆளு சத்தமில்லாம பெரிய வேலை கத்து வச்சிருக்காருப்பா!” என்று மியூட் அண்ணன் தோளில் தட்டினார். அண்ணன் அவரைப் பார்த்தார், அவர் பின்னால் நிற்கிறவளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். மற்ற ஆறு தலைகளும் திரைக்குள் புகுந்துகொண்டன. புரூஃப் அக்காவின் தலையும்தான்.

“மேடத்தோட மெஷின் பழசு. இவர் மெஷின்லயே ஹீப்ருவைப் போட்டுக் கொடுத்துடுங்க. என் கண்ணு முன்னாடியே நடக்கட்டும், நானும் தெரிஞ்சுக்கறேன்.”

அண்ணன் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். இருக்கையில் அவர் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது. அமைப்புகளைத் திறந்தாள். மொழி. சேர். பட்டியலில் தேடும்போது விரல் இரண்டு தரம் தவறியது. “இங்கே போகணும்... இதை எடுக்கணும்... விசைப்பலகையையும் மறக்காம...” என்று மேனேஜருக்காகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அதை எல்லார் முன்னாலும் செய்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரையின் கீழ் மூலையில் அந்த அடையாளம் வந்து உட்கார்ந்தது.

“இவ்வளவுதானா?” என்றார் மேனேஜர்.

அவள் எழுந்து வழிவிட்டாள். “இப்போ மாத்திப் பாருங்க அண்ணா. இடது பக்கத்துல...” என்று ஆரம்பித்தாள். அவர் விரல்கள் அதற்குள் ஆல்ட்டையும் ஷிப்ட்டையும் அழுத்திவிட்டிருந்தன. வலது ஓரத்திலிருந்து ஒரு வரி இடப்பக்கமாக ஊர்ந்து வந்தது. அவர் விசைப்பலகையில் ஸ்டிக்கரே இல்லை. எல்லாம் மனப்பாடம்.

“பார்த்தீங்களா, கற்பூரம்!” என்றார் மேனேஜர். மூலைக் கணினிக்குப் போய், திரை விளிம்பிலிருந்த சிவப்புச் சீட்டை நகத்தால் நெம்பிப் பிய்த்தார். டேப் கெட்டியாக ஒட்டியிருந்ததால் கிழியாமல் முழுசாக வந்தது. கொண்டுவந்து மியூட் அண்ணன் திரையில் ஒட்டி, கட்டை விரலால் இரண்டு தரம் அழுத்திவிட்டார். “இந்த ஞாயித்துக்கிழமையிலேருந்து வந்துடுங்க. ஒரு ரெண்டு மாசம்தான்.”

அவர் மாடிக்குப் போனார். அவள் பையை எடுத்து, இழுப்பறையைக் காலி செய்தாள். சீப்பு, தலைவலித் தைலம், சின்னதின் ஒன்றாம் வகுப்புப் படம். கடைசி நிறுத்தத்துப் பஸ்ஸைப் போல எட்டு வருஷம் ஐந்து நிமிஷத்தில் காலியானது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர் நாற்காலி வரை போனாள். அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது. இரண்டு வார்த்தை கேவலமாகத் திட்டினால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறலாம்.

அவர் தலையைத் தூக்கினார்.

“சின்னதுக்கு இப்போ எப்படி இருக்கு, மேடம்?”

“தேவலை அண்ணா” என்றாள்.

“சீக்கிரம் போங்க. காத்துக்கிட்டு இருக்கும்.”

அவள் கதவு வரை போய், செருப்பு மாட்டக் குனிந்தபோது பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. யார் குரல் என்று ஒரு கணம் புரியவில்லை. அந்த அறையில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. போனைக் காதோடு ஒட்டிவைத்து, திறக்காத ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, அப்பாவைப் பார்த்துக்கொள்கிற அம்மாளிடம் மியூட் அண்ணன் கெஞ்சிக்கொண்டிருந்தார். “இல்லம்மா, தெரியும், உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு... அன்னைக்கு ஒரு நாள்தான் உங்களுக்கும் கிடைக்குது, தெரியும்... கொஞ்சம் மனசு வைங்கம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போங்க. ரொம்ப நாளைக்கு இல்ல. ஒரு ரெண்டு மாசம்தான்.”